கதவுக்கு அடியில் வரும் காற்று

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று சொல்லிக் காலையிலிருந்தே கரண்டை நிறுத்திவிடுவார்கள். அன்று அருப்புக்கோட்டையில் விசைத்தறிகள் ஓடாது. தறி ஓட்டும் எங்களைப் போன்றவர்கள் பகல் வெளிச்சத்தில் டவுனைப் பார்ப்பது அன்றைக்குத்தான். அப்படி ஒரு நாள் டீ குடிக்கலாம் என்று பஸ் நிலையத்துக்குப் போனேன். மதுரை பஸ்கள் நிற்கும் பக்கத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சில் என் அக்கா மகன் உட்கார்ந்திருந்தான்.

அவன் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான். திருச்சுழியைத் தாண்டி, வீரசோழன் போகும் பஸ் நிற்கும் ஒரு கிராமம் அவனுடையது. தினமும் காலையில் அங்கிருந்து பஸ் ஏறி வருவான். அந்த நேரத்துக்கு அவன் வகுப்பில் இருக்க வேண்டும். மடியில் பை இருந்தது. கையில் போன் இருந்தது, ஆனால் அதைப் பார்க்கவில்லை. எதிரே நின்ற பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னய்யா, காலேஜு லீவா?"

"இல்ல மாமா."

"பெறகு?"

"சும்மாதான்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் பேச்சு வராது. தறிச் சத்தத்துக்குள் வருடக்கணக்காகக் கை ஜாடையிலேயே காலம் தள்ளியவன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கூடையில் கொய்யாப்பழம் வைத்து விற்கும் ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டு நகர்ந்து வந்தாள்.

"இது ஒங்க புள்ளையா?"

"அக்கா மகன்."

"அதான பாத்தேன், மொகச்சாடை. தெனமும் இங்கனக்குள்ளதான் ஒக்காந்திருக்கு. வம்பு தும்பு கெடையாது. மத்தியானமானா சோத்து டப்பாவ எங்கிட்ட நீட்டிரும். ஒங்கக்கா புளிக்கொழம்பு நல்லாத்தான் வைக்குது. உப்புதான் ஒரு கல்லு கூட. சொல்லி வைங்க."

அவன் லேசாகச் சிரித்தான். அவள் போனதும் சிரிப்பும் போய்விட்டது.

"வகுப்புல ஒக்காந்தா சார் பேசுறது காதுல விழுது மாமா, உள்ள போக மாட்டேங்குது. ஏசி ரூம்புன்னு கதவ வேற சாத்திருறாக. மூச்சு முட்டுது. அதான் இங்க வந்துருறேன்." பிறகு, "அப்பாகிட்ட சொல்லிராதீக" என்றான்.

அம்மாவிடம் மட்டும் சொல்கிறேன் என்றேன். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்று மாலையே அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா அழுதது. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும்.

மச்சான் கெட்ட மனிதர் இல்லை. குடிப்பதில்லை. யார் சொத்துக்கும் ஆசைப்பட்டதில்லை. ஊர்க்கூட்டத்தில் அவர் எழுந்து பேசினால் மற்றவர்கள் கேட்பார்கள். மானாவாரி நிலத்தில் பருத்தியும் மிளகாயும் போட்டு இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். மகனைப் படிக்கவைத்தார். அவன் படித்து மேலே வர வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கனவு இருந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கம் மிளகாய் விளையும் பூமி. மாசி, பங்குனியில் களமெல்லாம் சிவப்பாகக் காயும். காய்ந்ததை வத்தல் என்போம். பிள்ளைகளுக்குத் தண்டனை என்றால் வத்தல் புகை போடுவது என்று ஒரு முறை பல வீடுகளில் உண்டு. மச்சான் வீட்டில் பருத்தி மூட்டை அடுக்கும் உள்ரூம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஜன்னல் கிடையாது. பையன் வாய்ப்பாடு தப்பாகச் சொன்னாலும், பாயை நனைத்தாலும், செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தாலும் அவனை அதற்குள் விட்டு, உடைந்த மண்சட்டியில் நெருப்பு அள்ளி, ஒரு கை வத்தலைப் போட்டு, கதவைச் சாத்தி நாதாங்கி போட்டுவிடுவார். "இனிமே செய்ய மாட்டேம்ப்பா" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தால்தான் திறப்பார். பையன் லேசில் சொல்லமாட்டான். அதனால் கதவும் லேசில் திறக்காது.

இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் அவன் பள்ளியிலேயே முதல் மார்க் எடுத்தபோது, மச்சான் பஸ் நிறுத்தத்தில் அவன் படம் போட்டுப் பெரிய பிளக்ஸ் வைத்தார். அன்றைக்கு நானும் போயிருந்தேன். டீக்கடையில் எல்லோருக்கும் அவர் செலவில் டீ.

"எப்படிண்ணே இம்புட்டு மார்க்கு எடுத்தான்?" என்று ஒருவர் கேட்டார்.

"எல்லாம் வத்தப் பொகையில பழுக்க வச்ச மார்க்குடா. ஒங்க புள்ளைகளையும் அனுப்பி வைங்க, பழுக்க வச்சுத் தாரேன்."

கடை முழுக்கச் சிரிப்பு. பையனும் நின்றுகொண்டிருந்தான். அவனும் சிரித்தான்.

கல்லூரியில் சேர்க்கும்போது அங்கிருந்த ஆசிரியரிடம் மச்சான் கையைக் கும்பிட்டு, "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மத்த எடத்துல எங்க வேணாலும் அடிங்க சார். ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்று சொன்னார். எங்கள் ஊரில் தகப்பன்மார் பள்ளிக்கூட வாசலில் மரியாதைக்குச் சொல்லும் பேச்சு அது. அந்த ஆசிரியர் சிரித்துவிட்டு, "இது காலேஜ்ங்க, இங்க அதெல்லாம் இல்ல" என்றார். மச்சானுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

பஸ் நிலையத்தில் பார்த்த பிறகு கரண்டு இல்லாத நாள் எதுவென்று நான் காத்துக்கொண்டிருக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அவனைப் பார்த்துவிட்டு வருவேன். சில நாள் என்னோடு சாப்பிடுவான். சில நாள் டப்பாவைத் திறக்கமாட்டான். அதற்குள் கல்லூரியிலிருந்து மச்சானின் போனுக்கே செய்தி போய்விட்டது. வருகைப் பதிவு இல்லாததால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று.

மச்சான் அடிக்கவில்லை. பையன் அவரைவிட உயரமாகிவிட்டான். வாயால்தான். "தெனமும் புது மாப்பிள்ளை கணக்கா பஸ்ஸு ஏறிப் போயி எவள வேடிக்க பாத்த?" என்று ஆரம்பித்து, சாப்பாட்டுத் தட்டு முன்னாலும் அதே பேச்சு. மறுநாள் பஸ் ஏறவில்லை. அதற்கு அடுத்த நாள் குளிக்கவில்லை. பிறகு கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்தவன் படுத்தவன்தான்.

அக்கா போன் செய்தது. "தம்பி, அவன் வாயத் தொறக்கவே மாட்டேங்குறான். ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போடா."

ஞாயிற்றுக்கிழமை போனேன். களத்தில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. பையன் மெலிந்துபோயிருந்தான். தாடி முளைத்திருந்தது. நான் வந்ததைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தான், "வாங்க மாமா" என்றான், மறுபடியும் படுத்துக்கொண்டான். மரியாதை மட்டும் போகவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் மச்சானுக்கு அக்காள், தங்கை முறை. ஆளுக்கொரு யோசனை.

"காதலு கீதலா இருக்கும்த்தா. இப்பத்தப் புள்ளைகளுக்கு அதான நோவு."

"அதெல்லாம் இல்ல. பஸ்ஸு நிக்கிற எடத்துல ஆளொசரத்துக்குப் போட்டாவ வச்சா? போறவன் வாரவன் கண்ணெல்லாம் இவன் மேலதான. கண்ணுதான் இது. வத்தலச் சுத்திப் போடு, எந்திரிச்சு ஒக்காந்துருவான்."

அக்காவுக்கு ஏதாவது செய்ய வேண்டும். மகன் எழுந்து சாப்பிட்டால் போதும். களத்திலிருந்து நல்ல வத்தலாகப் பொறுக்கி எடுத்தது. கல் உப்பும், தெரு மண்ணும் சேர்த்தது. அவனை எழுப்பி, கிழக்கே பார்க்கப் பலகையில் உட்காரவைத்தது. சொன்னபடியெல்லாம் கேட்டான். மூன்று சுற்று சுற்றி, மூன்று முறை துப்பச் சொல்லி, வாசலில் மண்சட்டியில் இருந்த நெருப்பில் எல்லாவற்றையும் கொட்டியது.

கண்பட்டிருந்தால் நெடி ஏறாது என்பது கணக்கு. அன்றைக்குக் காற்று வீட்டைப் பார்த்து அடித்தது. நெடி அப்படியே உள்ளே ஏறியது. எல்லோரும் இருமினோம். யோசனை சொன்ன பெண்ணே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அடியாத்தீ, இந்தக் கமறு கமறுதே. அப்பக் கண்ணு இல்ல போலயே" என்றாள். சிலர் சிரித்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது பலகையில் பையன் இல்லை.

வாசல் பக்கம் போகவில்லை. கொல்லைக் கதவும் சாத்தித்தான் இருந்தது. உள்ரூம் கதவு மட்டும், எப்போதும் திறந்து கிடப்பது, மூடியிருந்தது.

தள்ளினேன். உள்ளே கதவை ஒட்டிப் படுத்திருந்தான் போல, நகரவில்லை. கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அங்கே அவன் மூக்கும் உதடும் தெரிந்தன.

எனக்கு அது உடனே புரிந்தது. என் அப்பாவும் எனக்கு வத்தல் புகை போட்டிருக்கிறார். சாத்திய ரூமுக்குள் புகை மேலே நிற்கும். கதவுக்கு அடியில் மட்டும் வெளிக்காற்று கொஞ்சம் வரும். படுத்து மூக்கை அங்கே வைத்துக்கொள்ள வேண்டும். அதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். உள்ளே இருந்தவனுக்குத்தான் தெரியும். ஆனால் இன்றைக்குப் புகை வெளியே இருந்தது. அவன் மூக்கை வைத்திருந்த இடைவெளி வழியாகத்தான் அது உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மச்சான் களத்திலிருந்து சத்தம் கேட்டு வந்தார். "என்னய்யா மாப்ள, தள்ளு கதவ" என்று சொல்லிக்கொண்டே கதவில் கையை வைத்தார். அப்போது கீழே பார்த்தார். கையை எடுக்கவில்லை, தள்ளவும் இல்லை.

அவருடைய குரலைக் கேட்டதும் உள்ளேயிருந்து பையன் சொன்னான்.

"இனிமே செய்ய மாட்டேம்ப்பா."

மீசை முளைத்த ஆளின் குரல் அது. அக்கா ஓடிப்போய்ச் சட்டியைத் தூக்கித் தண்ணீரில் கவிழ்த்தது. மச்சான் கதவின் மேல் கை வைத்தபடியே தரையில் உட்கார்ந்தார்.

"பூட்டலடா. தொறந்துதான்டா இருக்கு" என்றார். இன்னொரு தடவையும் அதையே சொன்னார்.

நெடி அடங்கியபிறகு அவனாகவே வெளியே வந்தான். என்னோடு கிணற்றுப் பக்கம் வந்து முகம் கழுவினான். சட்டையால் துடைத்துக்கொண்டே, மோட்டாரைப் பற்றிப் பேசுவது போன்ற குரலில் சொன்னான்: "தூங்குனா முழிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது மாமா. ரொம்ப நாளாவே. இப்பக் கொஞ்சம் கூடுதலாத் தோணுது."

கிணற்று மேட்டை விட்டு அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவன் சொன்னதை அவனை வைத்துக்கொண்டே அக்காவிடமும் மச்சானிடமும் சொன்னேன். நாளைக்கு விருதுநகரில் மனநல டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றேன்.

மச்சான், "பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டரா? நாளைக்கு ஒரு பொண்ணு கேட்டுப் போனா என்ன சொல்லுவாக?" என்றார். வழக்கமான வேகம் குரலில் இல்லை.

அவரை எதிர்த்து நான் பேசியதே கிடையாது. அக்காவைக் கொடுத்த வீடு என்று எங்கள் பக்கம் ஒரு அடக்கம் இருக்கும். அன்றைக்கு எப்படியோ வந்தது. "என் மடியில ஒக்கார வச்சுத்தான மச்சான் காது குத்துனீக? தாய்மாமன்னு எனக்கும் உரிமை இருக்கு. நான் கூட்டிட்டுப் போறேன். பொண்ணு கேக்குறதுக்கு அவன் மொதல்ல இருக்கணும்" என்றேன்.

அன்றைக்கு நான் ஊர் திரும்பவில்லை, அவன் பக்கத்திலேயே பாய் போட்டேன். காலையில் பார்த்தால் மச்சானும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார்.

அருப்புக்கோட்டையில் பஸ் மாறினோம். அக்காவும் நானும் முன்னால், பையன் நடுவில் ஒரு சீட்டில், மச்சான் கடைசியில். பாலவனத்தத்தில் கூட்டம் இறங்கியதும் பையனுக்குப் பக்கத்துச் சீட்டு காலியானது. மச்சான் எழுந்து வந்து அதில் உட்கார்ந்தார். விருதுநகர் வரை இரண்டு பேரும் பேசவில்லை. ஆனால் பையன் ஜன்னலைத் திறக்கப் பார்த்து அது இறுகியிருந்தபோது, மச்சான் கையை நீட்டி அதைத் தூக்கிவிட்டார்.

டாக்டர் இளம்வயதுப் பெண். முதலில் அவனிடம் தனியாக நெடுநேரம் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"சின்ன வயசுல வீட்ல எப்படிங்க? அடி, பயம் அந்த மாதிரி?"

அக்கா தரையைப் பார்த்தது. மச்சான்தான் பேசினார். "எல்லா வீட்லயும் உள்ளதுதான்ம்மா. நாங்க வாங்காததா? இந்தா இருக்காரே எங்க மாப்ள, இவரும் எல்லாம் வாங்குனவருதான். நல்லாத்தான இருக்காரு."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நல்லா இருக்கீங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். வியர்த்துவிட்டது. கல்யாண வீட்டில் நாலு பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தாலே எனக்கு இப்படித்தான் ஆகும். ஏன் என்று யோசித்ததில்லை. பிறவிக் கூச்சம் என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பையன் சிரித்தான். "மாமாவ எதுக்குப்பா மாட்டி விடுறீக? பாவம், அவுக வேர்த்து ஊத்துறாக."

பல வாரங்களுக்குப் பிறகு அவன் அப்பாவைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு அது. மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம், கேட்காமலேயே, உள்ரூமைப் பற்றிச் சொன்னார். சட்டி, வத்தல், நாதாங்கி எல்லாவற்றையும் வரிசையாக. டீக்கடையில் சொன்ன அதே விஷயம்தான். இங்கே யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் அவரைத் திட்டவில்லை. "அடி வாங்குன எல்லாருக்கும் இந்த நோய் வரும்னு இல்லைங்க. இது வந்தவங்க எல்லாருமே அடி வாங்குனவங்கன்னும் சொல்ல முடியாது. ஆனா காலேஜ் படிக்கிற பிள்ளைங்க இப்படி வந்தா நான் இதைக் கேக்காம விடுறதில்ல. சின்னதுல பட்டது உள்ள தங்கிருக்கும். வெளியூரு, புது எடம், படிப்புச் சுமைன்னு வரும்போது எந்திரிச்சுக்கும்" என்றார். குணமாகக்கூடிய நோய்தான், மாத்திரையும் வேண்டும், பேசவும் வேண்டும், தனியாக விடக்கூடாது என்றார். கடைசியில், "வீட்ல பூச்சி மருந்து வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"வெவசாய வீட்ல இல்லாம எப்படிம்மா?" என்ற மச்சான், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அவர் முகம் அப்போதுதான் மாறியது. அதுவரை மகனுக்கு வந்தது சோம்பல் இல்லை, நோய் என்று ஒத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். அவனை இழந்துவிடக்கூடும் என்பது அந்தக் கேள்வியில்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

"மாப்ள, கொஞ்ச நாளைக்கு ஒம்ம வீட்ல இருக்கட்டும்யா" என்றார்.

இப்போது அவன் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். அந்த வருடப் பரீட்சை போனது போனதுதான். அடுத்த வருடம் அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்தான். டாக்டர் கொடுத்த சீட்டைக் காட்டியதும், கதவுக்குப் பக்கத்து இருக்கையை அவனுக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். மாத்திரை என் வீட்டுக்காரியின் பொறுப்பு. துவையலுக்கு வத்தல் வறுப்பதாக இருந்தால் அவள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே போய்விடுவாள். ஒரு நாள் அவன், "தெருவுல ஒக்காந்து ஏன்த்தை கஷ்டப்படுறீக, கதவத் தொறந்து வச்சாப் போதும்" என்றான். அவள் திறந்து வைத்து வறுத்தாள். அவன் வாசற்படி வரை போனான். தெருவுக்கு இறங்கவில்லை.

மச்சான் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேட்பார் என்றும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வாரம் ஒரு தடவை பஸ்ஸில் வந்து, வாசலில் நின்றபடியே, "மாத்திரை முழுங்குறானா?" என்று கேட்டுவிட்டு, கொண்டுவந்ததை வைத்துவிட்டுப் போவார். ஒரு நாள் அக்கா போனில் சொன்னது: "ஒங்க மச்சான் உள்ரூம்பு கதவக் கழட்டிட்டாருடா. என்னங்கன்னு கேட்டா கரையான் அரிச்சிருச்சுங்கிறாரு."

அது வேப்பமரக் கதவு. லேசில் கரையான் ஏறாது. பையனிடம் சொன்னேன். "எங்க வச்சிருக்காகளாம்?" என்று கேட்டான். மாட்டுத் தொழுவத்தில் சாத்தி வைத்திருப்பதாகச் சொன்னேன். அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு பகல் இருந்துவிட்டு வந்தான்.

முழுசாகச் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. நல்லபடியாக வகுப்புக்குப் போய்க்கொண்டே இருப்பான். திடீரென்று ஒரு நாள் முடியாது. அன்றைக்குப் பட்டறையில் என் இடுப்பில் போன் அதிரும். வெளியே வந்து எடுத்தால், "மாமா, பஸ் ஸ்டாண்டுல இருக்கேன்" என்பான். பக்கத்துத் தறிக்காரனிடம் ஜாடை காட்டிவிட்டுச் சைக்கிளை எடுப்பேன்.

போன வாரமும் அப்படிப் போனேன். அதே பெஞ்சு. சாப்பாட்டு டப்பா அவன் கையில் காலியாக இருந்தது. கொய்யாப்பழக்காரி என்னைப் பார்த்ததும் குறை சொன்னாள்.

"ஒங்க மருமகன் இப்பெல்லாம் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டேங்குதுய்யா. எனக்குல்ல பட்டினி."

அவன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினான். அவளுக்காக என் வீட்டுக்காரியிடம் சொல்லித் தனியாகக் கட்டி வாங்கி வந்திருக்கிறான், காலையிலேயே.